நானும் மனுஷன்தானே!



வீடு சந்திப்புக்குப் போகிற இடமெல்லாம் நான் அதிகமாகக் கேட்கிற ஒரு வசனம் உண்டு. அது வேதத்தில் இல்லாத வசனம். "நானும் மனுஷன்தானே பாஸ்டர்!" குடித்துவிட்டு வந்தவர் அதைச் சொல்லுகிறார். சீட்டுப் பணத்தைக் கையாடினவர் அதைச் சொல்லுகிறார். இருபது வருஷமாய் அண்ணனோடு பேசாமல், பந்தியில் மட்டும் தவறாமல் கை நீட்டுகிறவரும் அதையேதான் சொல்லுகிறார். சொன்ன உடனே காரியம் முடிந்துபோகிறது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

ஒரு சகோதரி என்னிடத்தில் கேட்டார்கள்: "ஏனுங்க ஐயா, ராத்திரி அடிச்சுப்போட்டு, காலைல எந்திரிச்சு 'நானும் மனுசன்தானே'ங்கறாரு. அப்ப அடி வாங்கற நான் யாருங்க?"

இன்னொரு பக்கம், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு தம்பி. அபிஷேகம் பெற்ற பிள்ளை, உபவாச ஜெபத்துக்குத் தவறமாட்டான். தனியாக வந்து தலை குனிந்துகொண்டே கேட்டான்: "இயேசப்பாவுக்கு இந்த மாதிரி நெனப்பெல்லாம் வந்திருக்குமுங்களா? வரலைன்னா என்ற கஷ்டம் அவருக்கு எப்படித் தெரியும்? வந்துதுன்னா அவரு எப்படிப் பரிசுத்தர்?"

இரண்டு பேரும் வேறு வேறு காரியத்தைக் கேட்பதுபோலத் தோன்றும். என் மனதுக்கு அது ஒரே கேள்வி. மனுஷன் என்றாலே பாவம் செய்கிறவன்தானா? அப்படியானால் இயேசு எந்த விதத்தில் மனுஷன்?

நம்முடைய சபைகளில் இதற்கு ஒரு சட்டென்ற பதில் வைத்திருக்கிறோம். "அவர் தேவன், அதனால ஜெயிச்சார்." அல்லேலூயா, அவர் தேவன்தான், அதில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்கமாட்டேன். ஆனால் அந்தப் பதிலைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். அவர் தேவனாயிருந்தபடியால் மட்டும் ஜெயித்தார் என்றால், வனாந்தரத்தில் நாற்பது நாள் பசியோடிருந்தது எதற்கு? கெத்செமனேயில் பெருந்துளியாய் வியர்த்தது எதற்கு? பார்க்கிறவர்களுக்காகச் செய்த காட்சியா? அப்படியானால் எபிரெயருக்கு எழுதினவர், நம்மைப்போல எல்லாவிதத்திலும் அவர் சோதிக்கப்பட்டார் என்று எழுதினதற்கு (எபி. 4:15) அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

இது புதிய சிக்கல் அல்ல. யோவான் உயிரோடிருந்த நாளிலேயே, இயேசு மாம்சத்தில் வரவில்லை, வந்தது போலக் காணப்பட்டார் என்று சிலர் போதித்தார்கள். அன்பின் அப்போஸ்தலன் என்று நாம் சொல்லுகிற அதே யோவான், அந்தப் போதகத்தைத்தான் அந்திக்கிறிஸ்துவின் ஆவி என்று எழுதினார் (1 யோவான் 4:2,3). இயேசு தேவன் அல்ல என்று சொல்லுகிறவனைப் பற்றி மட்டும் அந்த வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் மெய்யாய் மனுஷனாகவில்லை என்று சொல்லுகிறவனுக்கும் அது பொருந்தும், பிரியமானவர்களே.

கொங்கு நாட்டில் வளர்ந்த நமக்கு இந்தத் தவறு இன்னும் சுலபமாய் வரும். பொன்னர் சங்கர் கதையை உடுக்கையடித்துப் பாட நம்மில் எத்தனை பேர் சின்ன வயதில் விடிய விடியக் கேட்டிருக்கிறோம்! அதில் மாயவர் வேஷம் மாறி வருவார், காரியத்தை முடிப்பார், போய்விடுவார். வேஷத்துக்குப் பசிக்காது, வேஷம் சாகாது. இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, சபைக்கு வந்த பிறகும் அந்தப் பழைய கண்ணாடி கழன்று விழுவதில்லை. இயேசுவையும் அப்படியே பார்க்கிறோம். அவர் அழுதார் என்றால், அழுகிறவர்போல இருந்தார் என்று உள்ளுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளுகிறோம்.

இதை நம்முடைய தமிழ்நாட்டிலேயே இரண்டு பேர் ஆழமாய் யோசித்தார்கள். ஒருவர் சென்னையில் வழக்கறிஞராயிருந்து 1941-ல் மேயரும் ஆன வெங்கல் சக்கரை. 1926-ல் இயேசுவை அவதாரம் என்றே தலைப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். மற்றவர் ஏ. ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் பிறந்து, 1950-களில் நம்முடைய கோயம்புத்தூரிலே தென்னிந்திய திருச்சபையின் பிஷப்பாக இருந்தவர். சாது சுந்தர்சிங்கைப் பற்றி எழுதியவரும் அவர்தான். பெந்தெகொஸ்தே பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் அந்நியமாயிருக்கலாம். ஆனால் அவர்கள் பிடித்த இடம் முக்கியமானது. அவதாரம் என்கிற சொல்லை அவர்கள் எடுத்தார்கள். எடுத்து அதைத் திருத்தினார்கள். அப்பாசாமி, இது பல தரம் நடக்கிறதல்ல, ஒரே தரம் நடந்தது என்றார். சக்கரை, இது வந்துவிட்டுப் போகிறதல்ல, இயேசு மனுஷனானது நிலைத்திருக்கிறது என்றார். 'நான்' என்கிறது அற்றுப்போன ஒரு மனுஷனை உலகம் கண்டது இயேசுவில்தான் என்றார். குமாரன் பிதாவோடு ஒன்றாயிருக்கிறதை அப்பாசாமி அன்பிலும் கீழ்ப்படிதலிலும் உண்டான ஒருமையாகவே அதிகம் விளக்கினார். அது போதாது என்று அவரை விமர்சித்தவர்கள் உண்டு, எனக்கும் அது போதவில்லை. ஆனாலும் கீழ்ப்படிதல் என்கிற அந்த வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். மனுஷன் என்றாலே பாவம்தானா?

நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. சாடிவயல் பக்கம் போய்ப் பாருங்கள், அடியில் கிடக்கிற கல் தெரியும். அதே ஆறு கோயம்புத்தூர் தாண்டி, திருப்பூர் தாண்டி, ஒரத்துப்பாளையம் வந்து சேர்ந்தபோது என்னவாயிருந்தது? 1992-ல் அங்கே ஒரு அணையைக் கட்டி முடித்தார்கள், பாசனத்துக்கென்று. சாயக்கழிவு வந்து தேங்கி, எந்த விவசாயிக்காகக் கட்டினார்களோ அவர்களே இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும்படி ஆயிற்று. கடைசியில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உத்தரவிட வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் அணைக்குப் பக்கத்திலேயே பிறந்து, வேறு தண்ணீரைப் பாராமல் வளர்ந்த ஒரு பிள்ளை இருந்தால் என்ன சொல்லும்? ஆறு என்றால் இப்படித்தான் நுரையும் நிறமுமாய் இருக்கும் என்று சொல்லும். பொய் சொல்லவில்லை, அது கண்டது அவ்வளவுதான். நாமும் அப்படியே. ஆதாமுக்குப் பிறகு பிறந்த மனுஷரையே பார்த்துப் பார்த்து, பாவம்தான் மனுஷ சுபாவம் என்று எழுதிவைத்துக்கொண்டோம். ஆனால் தேவன் மனுஷனை உண்டாக்கினபோது அது மிகவும் நன்றாயிருந்தது (ஆதி. 1:31). சாயம் பிற்பாடு வந்தது. இயேசு பாவம் இல்லாதவராயிருந்தபடியால் அவர் நம்மைவிடக் குறைந்த மனுஷன் என்று ஆகாது. சாயம் கலவாத ஆறு குறைந்த ஆறா? அதுதானே ஆறு!

'சுபாவம்' என்கிற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. வேதபாடத்தில் தேவ சுபாவம், மனுஷ சுபாவம் என்கிறோம். வெளியே வந்தவுடன், "அவன் சுபாவம் அப்படி, என்ன பண்றது?" என்கிறோம். உண்டாக்கப்பட்ட விதத்துக்கும் ஒரே சொல், பழகிக் கெட்டுப்போன விதத்துக்கும் அதே சொல். இரண்டையும் கலக்கவிட்டு, கெட்ட பழக்கத்துக்கு சிருஷ்டிகர் பேரில் ரசீது போட்டுவிடுகிறோம்.

ஆறு என்கிற இந்த உதாரணம் ஒரு இடத்தில் நின்றுபோகும். இயேசு வெள்ளியங்கிரியிலேயே நின்றுவிடவில்லையே. நாசரேத்தில் வளர்ந்தார், ஆயக்காரரோடு பந்தியிருந்தார், திருப்பூருக்கு நடுவே ஓடினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படிச் சுத்தமாய் ஓடினார்? அந்தத் தம்பியின் கேள்வி இதுதான்.

சபை சரித்திரத்தில் இந்த ஒரு கேள்விக்காக விலைகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். (சரித்திரம் எதற்கு, வேதம் போதாதா என்று சில சகோதரர்கள் முகம் சுளிப்பார்கள். வேதம் போதும். ஆனால் அதே வேதத்தை வைத்து நமக்கு முன்னே ஆயிரம் வருஷம் தவறாய்ப் போன வழியில் நாமும் போகாதபடிக்கு சரித்திரம் உதவும்.) நாலாம் நூற்றாண்டில் அப்பொலினாரிஸ் என்று ஒருவர், இயேசுவுக்கு மனுஷ சரீரம் உண்டு, மனுஷ மனது இல்லை, மனது இருக்கவேண்டிய இடத்தில் தேவ வார்த்தையே இருந்தது என்றார். பக்தியாகத்தான் சொன்னார், மனதில்தானே பாவம் பிறக்கிறது என்று பயந்து சொன்னார். நசியான்சஸ் ஊர் கிரகோரியார் அதற்குப் பதில் எழுதினார். அவர் சொன்னதின் சாராம்சம் இது: நம்மில் எதைக் கிறிஸ்து எடுத்துக்கொள்ளவில்லையோ, அது குணமாகவுமில்லை. கெட்டுப்போனது நம்முடைய மனது; அதை அவர் எடுக்கவில்லை என்றால் எதைச் சுகமாக்க வந்தார்? 381-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடின சங்கம் அப்பொலினாரிஸின் போதனையைத் தள்ளிவிட்டது.

பிறகு ஏழாம் நூற்றாண்டில் வேறொரு ரூபத்தில் அது வந்தது. கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான், தேவ சித்தம் மட்டும்தான் என்று சக்கரவர்த்தியும் சபைத் தலைவர்களும் சொன்னார்கள். மாக்சிமஸ் என்கிற வயதான துறவி ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. கெத்செமனேயைப் பாருங்கள் என்றார். அங்கே ஆண்டவர் தம்முடைய சித்தத்தைப் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தாரே. ஒப்புக்கொடுப்பதற்கு மனுஷ சித்தம் என்று ஒன்று இருக்கவேண்டுமே! 662-ல் அந்த எண்பது வயது மனுஷனுடைய நாவையும், எழுதின வலது கையையும் வெட்டி, தூரதேசத்துக்குத் துரத்தினார்கள். அங்கேயே மரித்தார். 681-ல் அதே கான்ஸ்டாண்டிநோபிளில் கூடின சங்கம், அவர் சொன்னதே சரி என்று தீர்த்தது.

சிநேகிதரே, கெத்செமனேயில் கொஞ்சம் நில்லுங்கள். சாக வேண்டாம், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று விரும்பினது பாவமா? இல்லை. முப்பத்துமூன்று வயதில் ஒரு ஆரோக்கியமான மனுஷன் உயிரோடிருக்க விரும்புவது தேவன் வைத்த ஆசைதான். வனாந்தரத்திலும் அப்படியே. பசித்தவன் அப்பத்தை விரும்புவது பாவமல்ல. பிசாசு பாவமான ஆசையைக் கொண்டுவந்து அவருக்குள் போடவில்லை. நல்ல பசியைப் பிடித்து, தவறான வழியில் இழுத்தான். இழுப்பு மெய்யானது. எவ்வளவு மெய்யானது என்றால், எபிரெயர் 5:7-ல் பலத்த சத்தமும் கண்ணீரும் என்று எழுதியிருக்கிறதே. உள்ளே போராட்டம் இல்லாதவனுக்குக் கண்ணீர் எதற்கு? அடுத்த வசனமோ, அவர் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது. கற்றுக்கொண்டார்!

சிலர் நினைக்கிறார்கள், விழுந்துபோனவனுக்குத்தான் சோதனையின் பாரம் தெரியும் என்று. எனக்கு அது தலைகீழாய்த் தோன்றுகிறது. கிணற்றுக்குள் கயிறு கட்டிப் பாரம் இறக்குகிறபோது, பாதியில் கையை விட்டவனுக்கு முழுப்பாரம் தெரியாது. தரை தொடும் மட்டும் விடாமல் பிடித்தவன் கையைப் பாருங்கள், தோல் உரிந்திருக்கும்.

அப்படியானால் எந்தப் பலத்தால் பிடித்தார்? இங்கேதான் நம்முடைய ஜனங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு ஊழியக்காரர் வருகிறார். எட்வர்ட் இர்விங், ஸ்காட்லாந்து தேசத்தார், 1792-ல் பிறந்தவர். லண்டனில் பெரிய சபை, பெரிய பெரிய ஆட்கள் கேட்க வருவார்கள். 1831-ல் அவருடைய சபையில் அந்நியபாஷை எழும்பிற்று. அசுசா தெருவில் 1906-ல் நடந்ததற்கு எழுபத்தைந்து வருஷம் முன்னே. நம்முடைய திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் ஊழியத்தில் 1860-ல் ஆவியானவர் அசைவாடினதற்கும் முன்னே. ஆனால் 1833-ல் அன்னன் என்கிற அவருடைய சொந்த ஊரிலே அவரை விசாரித்து ஊழியத்திலிருந்து நீக்கினது அந்நியபாஷைக்காக அல்ல. கிறிஸ்துவின் மனுஷீகத்தைப் பற்றி அவர் போதித்ததற்காக. ஆதாம் விழுந்த பிறகு உள்ள நம்முடைய மாம்சத்தையே கிறிஸ்து எடுத்தார், பரிசுத்த ஆவியானவரே நிமிஷத்துக்கு நிமிஷம் அவரைப் பாவமில்லாமல் காத்தார் என்று போதித்தார். மறு வருஷமே, நாற்பத்திரண்டு வயதில், இர்விங் மரித்தார்.

அவர் சொன்னது முழுவதும் சரியா? என் எண்ணத்தைச் சொல்லுகிறேன். 'விழுந்துபோன சுபாவம்' என்று இயேசுவைப் பற்றி நான் சொல்லமாட்டேன். தமிழில் அதைக் கேட்கிறவன் கோணலான சுபாவம் என்றுதான் விளங்கிக்கொள்ளுவான். பவுல் ரோமர் 8:3-ல் சாயல் என்கிற சொல்லைப் போட்டு வேலி வைத்திருக்கிறார். கன்னியின் வயிற்றில் உருவானதே பரிசுத்தம் என்றான் தூதன் (லூக். 1:35). நம்முடைய பெலவீனத்தை எடுத்தார். பசி, களைப்பு, துக்கம், மரணபயம் எல்லாம் எடுத்தார். நம்முடைய கோணலை அவர் எடுக்கவில்லை; சிலுவையில் அதைச் சுமந்தார், அது வேறே. ஆனால் ஜெயம் எங்கிருந்து வந்தது என்பதில் இர்விங் சொன்னதை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுகிறேன். வேதத்தை எடுத்துப் பாருங்கள்: ஆவியானவரால் உற்பவித்தார். யோர்தானில் ஆவியானவர் இறங்கினார். ஆவியானவரால் வனாந்தரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார், ஆவியானவருடைய பலத்தோடு திரும்பினார் (லூக். 4:1,14). பிசாசுகளைத் துரத்தினதும் ஆவியினாலே (மத். 12:28). சிலுவையில் தம்மை ஒப்புக்கொடுத்ததும் நித்திய ஆவியினாலே (எபி. 9:14). தேவகுமாரனே ஆவியானவரைச் சார்ந்து நடந்தார் என்றால், நாம் ஆராதனையில் மட்டும் ஆவியில் களிகூர்ந்துவிட்டு, சம்பள நாளில் கடைவீதியில் மாம்சத்தில் நடப்பது எந்தக் கணக்கு?

இப்போது அந்தத் தம்பிக்கு நான் சொன்னதை எழுதுகிறேன். யாக்கோபு 1:14,15-ஐ வாசிக்கச் சொன்னேன். அங்கே ஒரு வரிசை இருக்கிறது. இழுப்பு, அதற்குப் பிறகு கர்ப்பம், அதற்குப் பிறகு பிறப்பு. இழுப்பு வந்தவுடனே தன்னைப் பாவி என்று முடிவுகட்டி, "இனி எதற்கு எதிர்க்கவேண்டும்" என்று கையை விடுகிறவர்கள் எத்தனையோ பேர். பிசாசுக்கு அது லாபம். நினைப்பு வாசலில் வந்து நிற்பது வேறே, பாய் போட்டு உட்காரவைப்பது வேறே. நம்முடைய இழுப்பில் பழைய கோணலும் கலந்திருக்கிறது, இயேசுவுக்கு அது இல்லை. அதனால்தான் நமக்கு அவருடைய இரத்தமும் வேண்டும், ஆவியும் வேண்டும். ஆனால் இழுக்கப்படுகிறவனுடைய வேதனை அவருக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே என்றேன். "அப்ப நான் ஜெபத்துக்கு வரலாமுங்களா?" என்றான். இவ்வளவு நாள் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

அந்தச் சகோதரியின் கேள்வி இதைவிடக் கடினம். ஏனென்றால் அங்கே உபதேசம் ஒருவனுக்குச் சாக்காகவும் இன்னொருத்திக்கு அடியாகவும் விழுகிறது. "பொறுத்துக்கோம்மா, மனுஷன்தானே" என்று நம்முடைய மூப்பர்களே போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். அவர் குடித்து அடிக்கிறபோது மனுஷனாயிருப்பதால் அடிக்கவில்லை. மனுஷனாயிருக்கிறதை விட்டுவிட்டு அடிக்கிறார். அந்த வீட்டில் மனுஷத்தன்மையோடு இருக்கிறது யாரென்று பார்த்தால், அடியை வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு அனுப்புகிற அந்த அம்மாதான். அந்த வீட்டுக்காரரிடம் போய் இதை நேரே சொன்னோம். ஜெபித்தோம், குடியை நிறுத்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனோம். அடிக்கிற வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்று வேதம் உன்னைக் கட்டவில்லை என்று அந்தச் சகோதரிக்கும் சொன்னோம். இப்போது அவர்கள் பிள்ளைகளோடு தாய்வீட்டில் இருக்கிறார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை தனியாய் வருகிறார், எல்லா வாரமும் அல்ல. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாய் ஒன்று. சக்கரை சொன்னதை மேலே எழுதினேன் அல்லவா, வந்துவிட்டுப் போகிறதல்ல என்று. பவுல், தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவில் நிற்கிறவரை இப்போதும் மனுஷன் என்றே எழுதுகிறார் (1 தீமோ. 2:5), அவர் பரமேறிப் பல வருஷம் கழித்து. வேஷமாயிருந்தால் ஒலிவமலையில் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருப்பார். உயிர்த்தெழுந்த அன்றைக்குச் சீஷர்கள் ஆவியைக் கண்டோம் என்று நடுங்கினபோது, அவர் நீண்ட பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. கையையும் காலையும் காட்டினார். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பொரித்த மீனைக் கொடுத்தார்கள், அவர்கள் கண்ணுக்கு முன்பாகவே அதை வாங்கிச் சாப்பிட்டார் (லூக். 24:39-43).